தீ வைத்த சிறுவனும் கார்ள் ரொஜர்ஸும்

உளவளத்துணைப் பயிற்சிக்குப் போனவர்கள் கார்ள் ரொஜர்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். வன்முறையில் இறங்கிய இளைஞர்களுக்குப் புத்தி சொல்லாமல், மாறுவதற்கான காரணத்தை அவர்களே கண்டுகொள்ளத் துணைநிற்கும் பயிற்றுவிப்பு உளவியலின் வேர்களில் ஒன்று இந்த அமெரிக்கரிடம் இருக்கிறது.

1902 ஜனவரி 8 இல், கண்டிப்பான புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றில் பிறந்தவர். விவசாயம் படிக்கப் போய், பின் மதகுருவாக எண்ணி, கடைசியில் உளவியலுக்கு வந்து சேர்ந்தார்.

1928 முதல் 12 ஆண்டுகள் ரொசெஸ்டர் நகரில், குற்றங்களில் சிக்கிய சிறுவர்களோடு வேலை. அவர்களுள் ஒருவனுக்குத் தீ வைக்கும் பழக்கம். ரொஜர்ஸ் அவனோடு நாள்தோறும் பேசி, அக்காலப் பேரறிஞர் ஒருவரின் கோட்பாட்டின்படி காரணத்தைக் கண்டுபிடித்து விளக்கினார். விடுதலையான சிறுவன் திரும்பவும் தீ வைத்தான். நிபுணர்களின் விளக்கங்கள் மீது ரொஜர்ஸுக்கு இருந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

இன்னொருமுறை, குழப்படிகாரப் பையனொருவனின் தாய் வந்தார். அவர் மகனை ஒதுக்கியதே பிரச்சினை என்று ரொஜர்ஸ் பலதடவை விளங்கப்படுத்தியும் பலனில்லை. இத்தோடு நிறுத்துவோம் என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். வாசல்வரை போன தாய் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே உதவி கிடைக்குமா என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து, தன் மணவாழ்வின் துயரத்தையெல்லாம் கொட்டினார். ரொஜர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். நாளடைவில் மகனும் தேறினான். ரொஜர்ஸின் முறை முழுவதும் அந்த வாசலில் தொடங்கியது என்றே நினைக்கிறேன். நோயாளி என்ற சொல்லையே அவர் பின்னர் கைவிட்டார்.

புகழும் பேராசிரியர் பதவிகளும் வந்தன. அவற்றைவிட எங்களுக்கு நெருக்கமானது 1972. வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். பெல்பாஸ்டின் கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தினர் என ஒன்பது பேரை அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க்கில் ஒரே அறையில் உட்காரவைத்தார். தீர்வுத்திட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. வெறுப்பும் இழப்பும் முதலில் பேசப்பட்டன, அவர் தடுக்கவில்லை. சில நாட்களில் யுத்தம் நிற்கப்போவதில்லை, நிற்கவுமில்லை. ஆனால் ஒருவர் கதையை மற்றவர் கேட்டார். அது படமாக்கப்பட்டது. ஊர் திரும்பியவர்களில் சிலர், ஆபத்து இருந்தும், அதைத் தங்கள் மக்களுக்குக் காட்டினார்கள்.

1982 இல், 80 வயதில், இனஒதுக்கல் நிலவிய தென்னாபிரிக்காவுக்குப் போய்க் கறுப்பரையும் வெள்ளையரையும் அதேபோல் உட்காரவைத்தார். 1987 பெப்ரவரி 4 இல் கலிபோர்னியாவில் காலமானார்.