'பாராசைட்'டுக்கு 59 வருடம் முன்பே மாடிப்படியில் வர்க்கத்தைக் காட்டியவர்.. பல் டாக்டருக்குப் படித்துவிட்டு கொரிய சினிமாவை உலுக்கிய கிம் கி-யங்! யார் இவர்?

2021 ஏப்ரல். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆஸ்கர் விழா. 'மினாரி' படத்துக்காக சிறந்த துணை நடிகை விருதை வாங்க மேடை ஏறுகிறார் 73 வயது யூன் யோ-ஜங். நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் தென்கொரியர் இவர்தான். அந்த மேடையில் அவர் நன்றியோடு நினைத்துப் பார்த்தது தன்னுடைய முதல் பட இயக்குநரை. இன்று இருந்திருந்தால் அவர் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார் என்று உருகினார்.

அந்த இயக்குநர் பெயர் கிம் கி-யங். அவர் இறந்து அப்போதே 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. 'பாராசைட்' எடுத்த போங் ஜூன்-ஹோ தன்னைப் பாதித்தவர்கள் என்று சொல்லும் பட்டியலிலும் இவர் பெயர் தவறாமல் இருக்கும். கொரியாவில் இவருக்கு 'மிஸ்டர் மான்ஸ்டர்' என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு.

வீட்டு வேலைக்கு வரும் ஒரு ஏழைப் பெண், அந்த வீட்டின் ஆண், ஒரு மாடிப்படி. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கொரிய சினிமாவின் போக்கையே மாற்றிய இந்த மனிதரின் கதை என்ன? பார்க்கலாம்.

டாக்டர் கனவு.. நாடகப் பித்து

கிம் கி-யங் பிறந்தது 1919-ல், சோல் நகரத்தில். அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பியோங்யாங் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆம், இன்று வடகொரியாவின் தலைநகராக இருக்கும் அதே ஊர்தான். படிப்பு மட்டுமில்லாமல் பாட்டு, ஓவியம், எழுத்து என எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பையன்.

மருத்துவம் படிக்க வேண்டும் என்பது ஆசை. இளைஞனாக ஜப்பான் போய் கியோட்டோவில் தங்கியபோது, நாடகமும் சினிமாவும் அவரைப் பிடித்துக்கொண்டன. 1945-ல் ஜப்பான் தோற்று கொரியா விடுதலை ஆனதும் ஊர் திரும்பினார். பிறகு சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. மாணவர் நாடகக் குழுவில் இப்சன், யூஜின் ஓ'நீல் நாடகங்களோடுதான் பாதிப் பொழுது போனது.

அந்த நாடகக் குழுவில்தான் கிம் யு-போங் என்ற சக மாணவியைச் சந்தித்தார். அவரும் பல் மருத்துவம் படித்தவர். 1951-ல், கொரியப் போர் உச்சத்தில் இருந்தபோது, அகதிகளால் நிரம்பி வழிந்த பூசான் நகரத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

போர் கொடுத்த கேமரா

1950 ஜூனில் போர் வெடித்ததும் சோலில் இருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே ஓடினார்கள். பூசான் தற்காலிகத் தலைநகரம் ஆனது. பல் டாக்டராக உட்கார வேண்டிய கிம் கி-யங்குக்கு அங்கே கிடைத்தது செய்திப்பட வேலை. அமெரிக்க தகவல் சேவைக்காக செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் எடுத்தார். கேமரா, எடிட்டிங் எல்லாம் கற்றுக்கொண்டது இங்கேதான். சினிமாப் பள்ளி எதிலும் அவர் படித்ததில்லை.

போர் முடிந்து 1955-ல் முதல் கதைப்படம் 'பாக்ஸ் ஆஃப் டெத்'. அமெரிக்கர்களிடம் இருந்த கருவிகள் அந்தப் படத்துக்குக் கைகொடுத்தன. அதே ஆண்டில் 'யாங்சான் ப்ராவின்ஸ்' என்ற இன்னொரு படம். 50-களின் கடைசியில் வறுமையையும் போர் விட்டுச்சென்ற வடுக்களையும் பேசும் படங்கள் எடுத்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கிம் கி-யங் எடுத்த படங்களுக்குப் பின்னால் அவர் மனைவியின் பல் மருத்துவமனை இருந்தது. வீட்டுச் செலவையும், பல சமயங்களில் படச் செலவையும் தாங்கியது அந்த வருமானம்தான். சம்பாதிக்கும் மனைவி, கலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கணவன். இந்த ஜோடி அவருடைய படங்களிலும் திரும்பத் திரும்ப வரும்.

1960.. 'ஹான்யோ' பிறந்த கதை

1960 ஏப்ரலில் தென்கொரியாவில் மாணவர் போராட்டம் வெடித்து, அதிபர் சிங்மன் ரீ பதவி விலகினார். அடுத்த ஆண்டு மே மாதம் ராணுவப் புரட்சி நடந்து பார்க் சுங்-ஹீ கையில் ஆட்சி போனது. நடுவில் கிடைத்த அந்த ஓராண்டில்தான் படைப்பாளிகளால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அந்த இடைவெளியில், 1960 நவம்பரில் வெளியானது 'தி ஹவுஸ்மெய்ட்'. கொரிய மொழியில் 'ஹான்யோ'. 'கீழ்நிலைப் பெண்' என்பதுதான் அந்தச் சொல்லின் நேரடிப் பொருள்.

கிம்சோன் என்ற ஊரில் வீட்டு எஜமானருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் இடையே நடந்த ஒரு குற்றச் சம்பவம் பத்திரிகைச் செய்தியாக வந்திருந்தது. அந்தச் செய்திதான் படத்தின் விதை.

அன்றைய சோல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இந்தப் படம் ஏன் அப்படிப் பயமுறுத்தியது என்று புரியும். கிராமங்களில் இருந்து இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக நகரத்துக்கு வந்தார்கள். ஒன்று ஆலை வேலை, இல்லையென்றால் வீட்டு வேலை. வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு 'சிங்மோ' என்று பெயர். பணக்காரர்கள் மட்டுமல்ல, கொஞ்சம் கையில் காசு புரளும் நடுத்தரக் குடும்பங்களே வீட்டோடு தங்கும் வேலைக்காரப் பெண்ணை வைத்துக்கொண்டார்கள். பலருக்குச் சம்பளமே பெயருக்குத்தான். சாப்பாடும் படுக்க இடமும் கிடைத்தால் போதும் என்ற நிலை.

அதாவது, முன்பின் தெரியாத ஒரு ஏழைப் பெண் தினமும் அதே கூரைக்குக் கீழே தூங்குகிறாள். அவளை யாரும் மனுஷியாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிம் கி-யங் கேமராவை வைத்தது சரியாக இந்த இடத்தில்.

படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

(கதையின் முடிவும் இதில் வருகிறது. படம் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்கவும்!)

ஜவுளி ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் டோங்-சிக். மனைவி இரவு பகலாகத் தையல் மிஷினை ஓட்டிச் சேர்த்த காசில் புதிதாக இரண்டு மாடி வீடு. வீட்டில் ஒரு பியானோ. மனைவி மறுபடியும் கர்ப்பம், உடம்பு முடியவில்லை. அதனால் ஆலையில் இருந்து ஒரு பெண்ணை வேலைக்குக் கூட்டி வருகிறார்கள்.

வந்தவள் சாதாரண ஆளில்லை. மற்றவர்கள் அலறும் எலியை வெறும் கையால் தூக்குகிறாள். யாரும் இல்லாத நேரத்தில் பியானோவைத் தட்டுகிறாள். மாடி ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதைப் பார்க்கிறாள். ஒரு மழை இரவில் எஜமானருக்கும் அவளுக்கும் உறவு ஏற்படுகிறது. அவள் கர்ப்பம் ஆகிறாள்.

விஷயம் மனைவிக்குத் தெரிய வந்ததும், அந்தப் பெண்ணைப் பேசிப் பேசியே மாடிப்படியில் இருந்து விழ வைத்துக் கருவைக் கலைக்கச் செய்கிறாள். அதே வீட்டில் எஜமானியின் குழந்தை பிறந்து தொட்டிலில் அழுகிறது. ஒரே ஆணின் இரண்டு குழந்தைகள். ஒன்று வாழலாம், இன்னொன்று வாழக் கூடாது. அதை முடிவு செய்வது யார்? வேலைக்காரியின் கோபம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதன்பின் வீடே தலைகீழ். வெளியே சொல்லிவிடுவேன் என்ற ஒரே மிரட்டல் போதும். ஆலைக்கு விஷயம் போனால் கணவனுக்கு வேலை போகும். வேலை போனால் வீடு போகும், பியானோ போகும், கௌரவம் போகும். ஆகவே போலீஸை யாரும் கூப்பிடவில்லை. எஜமானி சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மாடி ஏறி வேலைக்காரிக்குப் பரிமாறுகிறாள். இத்தனைக்கும் இந்தக் குடும்பத்தின் மகனே அந்த மாடிப்படியில் விழுந்து செத்திருக்கிறான். மகன் செத்த பிறகும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள். இந்தப் படத்தின் உண்மையான பயங்கரம் அலமாரியில் இருக்கும் எலி விஷம் இல்லை, இதுதான்.

கடைசியில் அவளும் எஜமானரும் விஷம் குடிக்கிறார்கள். சாகும்போதாவது மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் படியிறங்குகிறார். காலைப் பிடித்துக்கொண்ட அவள் தலைகீழாகப் படிப்படியாக இழுபட்டு வருகிறாள். பிறகு படம் சட்டென்று மாறும். இதெல்லாம் பேப்பரில் படித்த செய்தி, கற்பனைதான் என்று சிரித்துக்கொண்டே கணவன் கேமராவைப் பார்த்து, படம் பார்க்கும் ஆண்களையே எச்சரிப்பதோடு முடியும்.

படம் நன்றாக ஓடியது. ஆனால் வேலைக்காரியாக நடித்த லீ உன்-ஷிம்தான் அதற்கு விலை கொடுத்தார். தியேட்டரில் அந்தப் பாத்திரத்தைக் கொல்லச் சொல்லி பெண் ரசிகர்கள் கத்தியதாகச் சொல்வார்கள். அவ்வளவு வெறுப்பு. அதன்பின் அவருக்கு அப்படி ஒரு பெரிய வேடம் அமையவே இல்லை. அந்த வீட்டின் சிறுவனாக நடித்த ஆன் சுங்-கி மட்டும் பின்னாளில் கொரியாவின் மிகப்பெரிய நடிகர்களில் ஒருவரானார்.

ஒரே கதை.. மீண்டும் மீண்டும்

கிம் கி-யங் இந்தக் கதையை விடவே இல்லை. 1971-ல் 'வுமன் ஆஃப் ஃபயர்', 1982-ல் 'வுமன் ஆஃப் ஃபயர் 82' என்று அதையே மறுபடி எடுத்தார். ஒவ்வொரு முறையும் காலம் மாறும், குடும்பத்தின் வசதி மாறும். 1971 படத்தில் மனைவி நடத்துவது கோழிப்பண்ணை. கிராமத்தில் இருந்து வரும் வேலைக்காரப் பெண் வேடத்தில் அறிமுகமானவர்தான், நாம் முதலில் பார்த்த யூன் யோ-ஜங். முதல் படத்திலேயே விருதுகளைக் குவித்தார்.

நடுவே 1963-ல் 'கோரியோஜாங்', 1977-ல் 'இயோ ஐலண்ட்' என்று வேறு களங்களிலும் வித்தியாசமான படங்கள் எடுத்தார். ஆனால் 70-களில் பார்க் சுங்-ஹீ ஆட்சியின் தணிக்கை கடுமையானது. வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமம் வேண்டுமென்றால் உள்ளூர்ப் படம் எடுத்தாக வேண்டும் என்ற விதி இருந்ததால், கணக்குக் காட்டவே படங்கள் தயாரிக்கப்பட்ட காலம் அது. 80-களில் அவருடைய படங்கள் ஓடவில்லை. 30-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இயக்குநரைக் கொரியா மெல்ல மறந்தது.

மறுவாழ்வு.. அடுத்த சில மாதங்களில் மரணம்

90-களில் சினிமாப் பைத்தியம் பிடித்த இளைஞர் கூட்டம் ஒன்று பழைய வீடியோ கேசட்டுகளில் இவரைக் கண்டெடுத்தது. 1997-ல் பூசான் சர்வதேசத் திரைப்பட விழா அவருடைய படங்களைச் சிறப்புத் தொகுப்பாகத் திரையிட்டது. உலகம் முழுவதும் இருந்து வந்தவர்கள் வியந்து பார்த்தார்கள். அடுத்து பெர்லின் திரைப்பட விழாவிலும் திரையிட ஏற்பாடு ஆனது. 78 வயதில் புதுப்படம் எடுக்கவும் தயாராகிக்கொண்டிருந்தார்.

1998 பிப்ரவரி 5. சோலில் உள்ள அவரது வீட்டில் தீப்பிடித்தது. கிம் கி-யங்கும், அத்தனை வருடம் அவருடைய சினிமாவைத் தாங்கிய மனைவி கிம் யு-போங்கும் அந்தத் தீயில் இறந்துபோனார்கள். பெர்லின் விழா தொடங்க சில நாட்களே இருந்தன.

எழுத்துகளை அழித்து மீட்ட படம்

'தி ஹவுஸ்மெய்ட்' படமே முழுதாகக் கிடைக்காமல் போயிருக்கும். மூல நெகட்டிவில் இரண்டு ரீல்களைக் காணோம். பிறகு ஒரு பழைய பிரின்ட்டில் அந்தப் பகுதிகள் கிடைத்தன. ஆனால் கையால் எழுதிய ஆங்கில சப்டைட்டில்கள் காட்சிகளின் மேல் பெரிதாகப் பதிந்திருந்தன. இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளையின் உதவியோடு, கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அந்த எழுத்துகளை டிஜிட்டலில் அழித்து, படத்தை மீட்டெடுத்தது. 2008-ல் கான் விழாவில் அது திரையிடப்பட்டது.

இன்றைக்கும் ஏன் பேசுகிறோம்?

2010-ல் இயக்குநர் இம் சாங்-சூ இதே கதையைக் கவர்ச்சியும் திகிலும் கலந்து மறுபடி எடுத்தார். கான் போட்டிப் பிரிவுக்கும் போனது. எஜமானராக நடித்தவர் நமக்கு 'ஸ்க்விட் கேம்' மூலம் தெரிந்த லீ ஜங்-ஜே. வீட்டின் மூத்த வேலைக்காரியாக யூன் யோ-ஜங்! 1971-ல் இளம் வேலைக்காரியாக வந்தவர், 39 வருடம் கழித்து அதே கதையில் மூத்த வேலைக்காரி.

ஆனால் ஒரு பெரிய மாற்றம். 1960 படத்துக் குடும்பம் கஷ்டப்பட்டு மேலே வந்த குடும்பம். கீழே இருப்பவள் ஏறி வந்து நம் இடத்தைப் பிடித்துவிடுவாளோ என்பது அவர்கள் பயம். 2010 படத்தில் இருப்பதோ பெரும் பணக்காரர்கள். அவர்களுக்குப் பயமே இல்லை. வேலைக்காரியை என்ன செய்தாலும் பணம் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம். 50 வருடத்தில் கொரியா எவ்வளவு பணக்கார நாடாக மாறியது, அதில் மேலுக்கும் கீழுக்குமான தூரம் எவ்வளவு அதிகமானது என்பதை இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

2019-ல் வந்த 'பாராசைட்'டும் இதன் தொடர்ச்சிதான். பணக்கார வீடு, வேலைக்கு வரும் ஏழைகள், மேலும் கீழும் போகும் படிகள். அது கான் விழாவில் தங்கப்பனை விருதையும், 2020-ல் நான்கு ஆஸ்கர்களையும் அள்ளியது.

கிம் கி-யங் எந்த ஆஸ்கரையும் பார்க்கவில்லை. அவர் படத்தில் வந்த அந்த வேலைக்காரிக்கோ, வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் கடைசி வரை கிடைக்கவில்லை. வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1960-ல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் பழசாகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.