அர்ச். வின்சென்ட் தே பவுலும் இரண்டு பூட்டுப் பெட்டியும்

பிறருக்கு உதவ வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் அநேகர். அந்த உதவியை ஒழுங்காகவும் கணக்காகவும் செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சப்பேர். அன்பையும் ஒழுங்கையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுதவர் அர்ச். வின்சென்ட் தே பவுல். பங்கிலே சபை நடத்துகிறவர்களும், சபைக்குக் காசு கொடுக்கிறவர்களும் அவருடைய சீவியத்தை அறிந்துகொள்வது நலம்.

அவர் 1581-ம் வருஷம், பிரான்சு தேசத்தின் தென்மேற்கே டாக்ஸ் நகருக்கு அருகிலுள்ள பூயி என்னும் கிராமத்தில், எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். சிறுவயதில் தகப்பனாரின் ஆடுமாடுகளை மேய்த்தவர். 1600-ல், பத்தொன்பதாம் வயதிலேயே குருப்பட்டம் பெற்றார். நல்ல வருமானமுள்ள பதவியைத் தேடி, வீட்டாரைக் கைதூக்கிவிட வேண்டுமென்பதே அக்காலத்தில் அவர் எண்ணம். சர்வேசுரன் அந்த எண்ணத்தை மெள்ள மெள்ள மாற்றி, ஏழைகளின் பக்கமாய்த் திருப்பினார்.

1617-ல் அவர் லியோன் நகருக்கு வடக்கேயுள்ள ஷாத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குக் குருவாயிருந்தார். ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுப்பு அணிந்துகொண்டிருக்கையில் ஒரு செய்தி வந்தது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயாய்க் கிடக்கிறார்கள். தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. பிரசங்கத்தில் அதை மனமுருகச் சொன்னார். பிற்பகல் அவரே அந்த வீட்டுக்குப் புறப்பட்டபோது, வழிநெடுகப் பெண்கள் திருநாள் சுற்றுப்பிரகாரம் போலப் போவதும் வருவதுமாயிருந்தார்கள். வெயில் தாங்காமல் மர நிழலில் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. அந்த வீட்டிலோ ரொட்டியும் இறைச்சியும் குவிந்து கிடந்தன.

வேறொருவரானால் தமது பிரசங்கத்தின் பலனைக் கண்டு சந்தோஷப்பட்டுத் திரும்பியிருப்பார். வின்சென்ட் சுவாமியாரோ கவலையோடு யோசித்தார். இன்று இவர்களுக்கு உண்ண முடியாத அளவு வந்திருக்கிறது. நாளைக்கு இதெல்லாம் கெட்டுப்போகும். நாளை மறுநாள் பழைய பசிதான். ஜனங்களிடத்தில் அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குக்குத்தான் குறைவு என்று கண்டுகொண்டார். சில நாட்களுக்குள் ஊரிலுள்ள பெண்கள் சிலரைக் கூட்டி, ஒரு நாளைக்கு ஒருத்தியாக முறைவைத்து நோயாளிகளுக்குச் சமைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அவ்வருஷம் டிசம்பர் மாதம் 8-ம் தேதி அந்தச் சபை முறைப்படி ஸ்தாபிக்கப்பட்டது.

அவர் எழுதிக் கொடுத்த ஒழுங்குகளைப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும். நோயாளியைச் சந்தோஷ முகத்தோடு வாழ்த்த வேண்டும். துணி விரித்துச் சாப்பாடு வைக்க வேண்டும். இறைச்சியை நறுக்கிக் கொடுக்க வேண்டும். துணைக்கு ஆள் உள்ளவர்களிடம் முதலில் போய், தனியாய்க் கிடப்பவர்களைக் கடைசியில் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவர்களோடு அதிக நேரம் இருக்க முடியும்.

பணத்தைப் பற்றியும் அதே கவனம். பணப்பெட்டிக்கு வெவ்வேறான இரண்டு பூட்டுகள். ஒரு சாவி தலைவியிடம், மற்றது பொருளாளரிடம். அவசரச் செலவுக்கென்று ஒரு நாணயம் மாத்திரம் பொருளாளர் கையில் இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை பதவியிலிருந்தவர்கள் விலகி, புதிதாய்த் தேர்தல் நடக்க வேண்டும். கணக்கும் ஒப்புவிக்க வேண்டும். இவ்வளவு கண்டிப்பு ஏன்? அந்தப் பெண்களை அவர் சந்தேகித்தாரா? இல்லை. அந்தப் பெட்டியில் இருந்தது சபையின் பணமல்ல, ஏழைகளின் பணம். பூட்டு இரண்டாயிருந்தால் வீண்பழிக்கும் இடமில்லை.

இப்படிப்பட்ட சபைகள் பல ஊர்களில் பரவின. சில ஊர்களில் ஆண்களும் பெண்களும் ஒரே பணப்பையை வைத்து நடத்தினார்கள். ஆண்கள் எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள், பெண்கள் பொறுக்கவில்லை. கடைசியில் வின்சென்ட் சுவாமியார் ஆண்களை விலக்க நேர்ந்தது. பெண்களின் நிர்வாகத்தில் குற்றம் சொல்ல இடமில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒரு கடிதத்தில் சாட்சி கூறினார். விதவையான அர்ச். லூயீஸ் தே மரியாக் அம்மாள் 1629 முதல் ஊர் ஊராய்ப் போய்ச் சபைகளைப் பார்வையிட்டு, தளர்ந்துபோனவற்றைத் திடப்படுத்தி வந்தாள்.

பாரிஸ் பட்டணத்தில் வேறொரு தொல்லை வந்தது. சபையில் சேர்ந்த பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் ஏழைகளின் குடிசைக்குத் தாங்கள் போகாமல் வேலைக்காரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். அவர்களைச் சபையை விட்டுத் துரத்தாமல், கொடுக்கக்கூடியவர்களிடம் கொடையையும், உழைக்கக்கூடியவர்களிடம் உழைப்பையும் பெற்றுக்கொண்டார். மாடு மேய்த்த மார்கரித் நசோ போன்ற கிராமத்துப் பெண்கள் முன்வந்தார்கள். இப்படி 1633-ல் பிறர்சிநேகக் கன்னியர் சபை உண்டாயிற்று.

1638-ல் தெருவில் எறியப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். எல்லாரையும் ஏற்க வசதியில்லாததால் முதலில் 12 குழந்தைகளைச் சீட்டுப்போட்டு எடுத்தார்கள். 1640-ல்தான் எல்லாரையும் ஏற்றார்கள். பின்பு பணமுடை வந்து, வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வின்சென்ட் சுவாமியார் அந்தப் பெண்களைக் கூட்டி, விடலாம் என்பதற்கும் கூடாது என்பதற்கும் உள்ள நியாயங்களை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். குழந்தைகளின் உயிர் அவர்கள் கையில் இருப்பதையும் உணர்த்தினார். வேலை நிற்கவில்லை.

1639 முதல் யுத்தத்தாலும் பஞ்சத்தாலும் லொரேன் நாடு அழிந்தபோது, மத்தேயு ரெனார் என்ற சகோதரர் கந்தலுடுத்திப் பிச்சைக்காரன் போல், திருடர் நிறைந்த வழிகளில் 53 தடவை பணம் சுமந்து போனார். அந்தப் பணம் வழியில் ஒருதரமும் பறிபோகவில்லை.

1660-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி அவர் மரித்தார். 1737-ல் திருச்சபை அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தது. 1885-ல் பாப்பானவர் 13-ம் சிங்கராயர் அவரைப் பிறர்சிநேக சபைகளுக்கெல்லாம் பாதுகாவலராக்கினார். 1833-ல் பாரிஸில் 20 வயது மாணவரான பிரெதெரிக் ஓசானாம் தம் தோழர்களோடு தொடங்கிய சபையும் அவர் பெயரையே தாங்கி, நம் நாட்டுப் பங்குகளிலும் உழைத்து வருகிறது.

அன்பான பங்குக் குடும்பங்களே, நல்ல சபைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் பணம் இல்லாததால் அல்ல. கணக்கு இல்லாததாலும், நானா நீயா என்பதாலும்தான். கணக்குக் கேட்கிறவனைப் பகைவனென்று நினைக்க வேண்டாம். கணக்குக் கொடுப்பதைத் தாழ்வென்று எண்ண வேண்டாம். பதவி முடிந்தால் சாவியைச் சந்தோஷமாய் அடுத்தவரிடம் கொடுங்கள். ஏழையின் வீட்டுக்குப் போகும் முறை உங்களுடையதானால், வேறொருவரை அனுப்பாமல் நீங்களே போங்கள். தனியாய்க் கிடப்பவரைக் கடைசியில் பார்த்து, கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருங்கள். இந்த வரத்தை அர்ச். வின்சென்ட் தே பவுல் நமக்காக ஆண்டவரிடம் மன்றாடுவாராக.