கேலக்ஸிக்கே பிரேக் போட்ட கணக்கு: நோபல் தமிழர் சந்திரசேகரின் இன்னொரு முகம் தெரியுமா?

ஆடி மாசத்து இருட்டு ராத்திரி. காரைக்குடிக்கு வெளியே ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில நின்னு தெற்கே பாருங்க. மேகம் இல்லேன்னா புகை மாதிரி ஒரு வெள்ளைத் தடம் தெரியும். அதுதான் நம்ம பால்வெளி. அந்தத் தடம் தடிச்சுத் தெரியும் திசையில, வெகு தூரத்தில், கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரு நீளமான தண்டு போலச் சேர்ந்து சுத்திக்கிட்டு இருக்கு. சுருள் வடிவ கேலக்ஸிகள் பலவற்றின் நடுவிலும் இப்படி ஒரு தண்டு உண்டு.

அது எவ்வளவு வேகமா சுத்துது? இந்தக் கேள்வி ஏன் முக்கியம்னு புரியணும்னா சுப்ரமணியன் சந்திரசேகர் கதைக்குப் போகணும்.

யார் இவர்?

1910 அக்டோபர் 19ல் லாகூரில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை. 1918ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. சர் சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா.

1930ல் இங்கிலாந்து போகும் கப்பலில் போட்ட கணக்கு, அதை 1935ல் எடிங்டன் சபையிலேயே கேலி செய்தது, கடைசியில் 1983ல் நோபல்... இது பலருக்கும் தெரிந்த கதை. நடுவுல அவர் என்ன செஞ்சார் என்பதைத்தான் நாம தாண்டிப் போயிடறோம்.

எடிங்டனோட அவர் மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கல. 1936ல் கல்லூரித் தோழி லலிதாவைத் திருமணம் செய்தார். 1937ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். அதுவரை செஞ்ச வேலையை 1939ல் ஒரு புத்தகமாக எழுதி முடிச்சு, அந்தத் துறையை விட்டே நகர்ந்தார். அடுத்து எடுத்தது, கூட்டமா இருக்கும் நட்சத்திரங்கள் எப்படி நகருது என்ற கேள்வி.

1943ல் என்ன கண்டுபிடித்தார்?

திருவிழாக் கூட்டத்துல ஒரு பிரபலம் நடந்து போறார்னு வைங்க. அவர் பின்னாலேயே ஆட்கள் சேருவாங்க, சட்டையைப் பிடிச்சு இழுப்பாங்க, அவர் நடை தளரும். விண்வெளியிலும் இதேதான். கனமான ஒரு பொருள் நட்சத்திரக் கூட்டத்தில் நுழைந்து போனால், அதன் ஈர்ப்பில் மற்றவை அதற்குப் பின்னால் சேர்ந்து அதையே பின்னோக்கி இழுக்கும். எதுவும் மோதவே வேண்டாம்! இந்த 'இயக்க உராய்வு'க்கான சூத்திரத்தை 1943ல் மூன்று கட்டுரைகளாக வெளியிட்டார். சுற்றி இருக்கும் கூட்டம் அடர்த்தியானால் பிரேக்கும் பலமாகப் பிடிக்கும்.

பிறகு வழக்கம்போல இந்தத் துறையையும் விட்டு அடுத்ததுக்குப் போயிட்டார்.

தண்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கேலக்ஸிகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்ற கருத்து 1970களில் வலுப்பட்டது. அப்போ அந்தத் தண்டும் கரும்பொருளுக்குள்ளதானே சுத்துது? சந்திரசேகர் கணக்குப்படி அதோட வேகம் குறையணும்.

ஆனா அளப்பது எப்படி? பால்வெளியின் தண்டு ஒரு சுற்று முடிக்கவே சுமார் 15 கோடி வருஷத்துக்கு மேல ஆகும். நட்சத்திரங்களின் வேகத்தை ஒளியின் நிற மாற்றத்தை வைத்து அளக்கலாம். ஆனா நட்சத்திர வேகம் வேற, தண்டோட வேகம் வேற. டிராஃபிக் ஜாம்ல வண்டிகள் வந்து வந்து போகும், ஜாம் மட்டும் அப்படியே இருக்கும்ல, அது மாதிரி.

1984ல் ட்ரிமெய்ன், வெய்ன்பெர்க் இருவரும் வழி சொன்னாங்க. தண்டுக்குக் குறுக்கே கோடு கோடாக எடுத்து, ஒவ்வொரு கோட்டிலும் ஒளியின் சராசரி இடத்தையும் சராசரி வேகத்தையும் ஒப்பிட்டால் போதும், தண்டோட வேகம் கிடைச்சிடும். என்ஜிசி 936 என்ற கேலக்ஸியை இப்படி அளந்த முக்கியமான ஆய்வு 1995ல் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21ல் சிகாகோவில் சந்திரசேகர் காலமானார்.

சிக்கல் என்ன?

என்ஜிசி 936 மட்டுமல்ல, அதுக்குப் பிறகு அளந்த பெரும்பாலான கேலக்ஸிகளிலும் தண்டு வேகமாகவே சுத்துது. பிரேக் பிடிச்ச அடையாளம் பெரிசா இல்லை. அங்கே கரும்பொருள் நினைச்சதைவிடக் கம்மியா, இல்ல கரும்பொருள் கோட்பாட்டிலேயே கோளாறா? விவாதம் ஓயல.

நம்ம பால்வெளி மட்டும் கொஞ்சம் வேற பதில் சொல்லுது. சூரியனுக்கு அருகில் உள்ள நட்சத்திரங்களின் நகர்வை வைத்து 2021ல் வெளியான ஆய்வின்படி, நம்ம தண்டு உருவான காலத்தில் இருந்த வேகத்தில் சுமார் கால் பங்கை இழந்திருக்கு.