தாய்மொழியில் வாசிக்கக் கற்றுத்தந்த புனிதர்

ஏப்ரல் 7ஆம் நாள் ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சாலைத் தாய்த் திருச்சபை நினைவுகூர்கிறது. பள்ளிகளைத் தொடங்கியவர், துறவற சபையை நிறுவியவர் என்ற அளவில் நாம் அவரை அறிவோம். ஆனால் சின்னஞ்சிறு குழந்தைக்கு முதலில் எந்த மொழியில் வாசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்பதற்காக அவர் ஓர் ஆயரிடமே வாதாட வேண்டியிருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1651 ஏப்ரல் 30 அன்று பிரான்சு நாட்டின் ரேம்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் லா சால் பிறந்தார். பேராலயக் குருக்குழுவில் இடம் பெற்றபோது அவருக்கு வயது 16 கூட நிறையவில்லை. மதிப்பும் வருமானமும் உள்ள பதவி அது. பாரிசில் குருத்துவப் பயிற்சியில் இருந்தபோது தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர். தம்பி தங்கைகளைக் காக்கும் பொறுப்போடு ஊர் திரும்பினார். 1678இல் குருவானார்.

பள்ளி நடத்துவது அவர் எண்ணத்திலேயே இல்லை. 1679இல் அத்ரியான் நியேல் என்ற பொதுநிலையினர் ஏழைச் சிறுவருக்கு இலவசப் பள்ளி தொடங்க ரேம்ஸ் வந்தார். அவருக்கு உதவப் போன லா சால் மெல்ல மெல்ல அந்தப் பணிக்குள் இழுக்கப்பட்டார். பள்ளி திறந்துவிட்டால் போதுமா? ஆசிரியர்களுக்கே பயிற்சி இல்லை. 1681இல் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். உறவினர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு அவரே வீட்டைவிட்டு வெளியேறி ஆசிரியர்களோடு குடியேறினார். 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் சொத்தை ஏழைகளுக்கு உணவாகக் கொடுத்துத் தீர்த்தார்.

அக்காலப் பள்ளிகளில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாகத் தம்மிடம் அழைத்துப் பாடம் கேட்பார். மற்றவர்கள் சும்மா இருப்பார்கள், அல்லது சண்டை போடுவார்கள். லா சாலின் பள்ளிகளில் ஒரே நிலையில் உள்ள பிள்ளைகள் சேர்ந்து கற்றார்கள். ஒருவன் உரக்க வாசிக்க, மற்றவர்கள் அதே பக்கத்தில் கண்ணை ஓட்டித் தொடர்ந்தார்கள். முதலில் எழுத்து அட்டை, பிறகு அசை அட்டை, அதன்பின் புத்தகம் என்று படிப்படியாக ஏற்றினார்.

இதைவிடப் பெரிய மாற்றம் மொழியில்தான். குழந்தைகளுக்கு முதலில் இலத்தீனில் வாசிக்கக் கற்றுத்தருவதே வழக்கம். இலத்தீனில் எழுதியபடியே உச்சரிக்கலாம். பிரெஞ்சில் ஒலிக்காத எழுத்துகள் பல. ஆகவே இலத்தீனே எளிது என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். அது திருச்சபையின் மொழி என்ற மரியாதையும் சேர்ந்துகொண்டது.

1699இல் சகோதரர்கள் ஷார்த்ர் மறைமாவட்டத்திற்குச் சென்றார்கள். அங்கு ஆயராக இருந்தவர் லா சாலின் பழைய நண்பர் கொதே தே மரே. அவரும் இலத்தீனே முதலில் வேண்டும் என்று கருதினார். லா சால் தம் காரணங்களை எழுத்தில் முன்வைத்தார். தாய்மொழிச் சொற்களைக் குழந்தை முன்பே அறிந்திருக்கிறது; அசைகளைக் கூட்டியதும் சொல் பிடிபட்டுவிடும். பொருள் தெரியாத மொழியில் அந்த உதவி கிடையாது, காலமும் அதிகம் ஆகும். ஏழைப் பிள்ளைக்கோ காலம்தான் இல்லை. கையில் கொஞ்சம் வலு வந்ததும் பெற்றோர் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இலத்தீனில் தொடங்கியவன் அதையும் முடிக்காமல், பிரெஞ்சும் வாசிக்கத் தெரியாமல் போய்விடுவான். மறைக்கல்வி நூலைக்கூட அவனால் வாசிக்க முடியாது. சகோதரர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

நாள்தோறும் இலத்தீனில் திருப்பலி நிறைவேற்றிய குரு இப்படி வாதாடினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டில் யாரும் பேசாத மொழியில் மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து கற்பிக்கக் கட்டணம் கட்டி வரிசையில் நிற்கும் நமக்கு, இதைப் படிக்கையில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்தும் வந்தது. கட்டணம் வாங்கி எழுதக் கற்பித்த பாரிஸ் ஆசிரியர்களின் சங்கத்தினர், இலவசப் பள்ளி தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். அபராதம் விழுந்தது. பள்ளிப் பொருள்களும் பறிபோயின. ஏழை, வசதியுள்ளவன் என்று பிரித்துப் பிள்ளைகளைச் சேர்க்க லா சால் விரும்பவில்லை.

1719 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று ரூவான் நகரில் இறந்தார். அப்போது சபையில் ஏறத்தாழ 100 சகோதரர்கள் இருந்தார்கள். 1900இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் அவரைப் புனிதராக அறிவித்தார். 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக்கினார்.

சகோதரர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பள்ளி நடத்தும் முறை நூல், அவர் இறந்த மறு ஆண்டு அவிஞ்ஞோனில் அச்சானது. அதில் வாசிப்புப் பாடங்களின் வரிசை இருக்கிறது. இலத்தீனை அவர் ஒதுக்கிவிடவில்லை. பிரெஞ்சு நன்றாக வாசிக்க வந்தபின் இலத்தீன் திருப்பாடல்கள் வருகின்றன. அதற்கும் பிறகு கடைசிப் பாடமாகக் கையால் எழுதிய பத்திரங்களும் கடிதங்களும். கொத்தனார் மகன் நாளைக்குத் தன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே வாசித்துக்கொள்ளலாம்.