நட்டாலம் தந்த தேவசகாயம்



முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்பதால், காற்றாலையைப் பற்றித்தான் எழுதித் தருவேன் என்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்தார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எண்பது மீட்டர் உயரக் கோபுரத்தின் மேலே நிற்கும்போது ஆரல்வாய்மொழிப் பக்கம் தினமும் கண்ணில் படுகிற ஒரு மலை, என் பேனாவை வேறு பக்கம் திருப்பிவிட்டது. அதன் பெயர் காற்றாடிமலை. ஏறத்தாழ 270 வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய கதையைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் நம் விடுதியின் முதல் நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சீனியர் பெயர் கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன். அப்புறம் ஊரில் எந்தப் பக்கம், கோவிலுக்குக் கிழக்கயா, குளத்துக்கு அந்தப் பக்கமா, யாருக்க மவன், மாமா பேரு என்ன... நம்ம மாவட்டத்துக்காரன் சாதியை நேராகக் கேட்க மாட்டான் பாத்துக்கிடுங்க. ஆனா அஞ்சாவது கேள்விக்குள்ள கண்டுபிடிச்சிருவான்! இதை வாசிக்கும்போதே, இந்தப் பய எந்த ஆளு, எந்த மதம் என்று உங்களில் சிலர் யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள். அது நம் ஊர் வியாதி. நான் சொல்லப் போகிறவரின் கதையும் அந்த வியாதியைப் பற்றியதுதான்.

1712-ம் வருஷம் ஏப்ரல் 23-ம் நாள், நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன் பிள்ளை. அப்பா வாசுதேவன் நம்பூதிரி, காயங்குளத்துக்காரர், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசை செய்தவர். அம்மா தேவகி அம்மா, நாயர் குடும்பம். மருமக்கள் வழி நடந்த காலம் என்பதால் பிள்ளை அம்மா வீட்டுக்குச் சொந்தம், வளர்த்து ஆளாக்குவது தாய்மாமன் பொறுப்பு. நீலகண்டனும் அப்படித்தான் வளர்ந்தார். படிப்பும் ஆயுதப் பயிற்சியும் கிடைத்தன. வாலிப வயதில் பத்மநாபபுரம் அரண்மனை வேலைக்குப் போனார். அங்குள்ள நீலகண்டசுவாமி கோவில் அலுவல்களும் அவர் பொறுப்பில் இருந்ததாகச் சொல்வார்கள். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளைக் கல்யாணம் செய்தார். குறையொன்றும் இல்லாத வாழ்க்கைதான்.

அன்றைய நாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று நாம் பைக்கில் அரை மணியில் கடந்துவிடுகிற தூரத்துக்குள் எத்தனை வேலிகள்! யார் யாரை விட்டு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குக் கணக்கு. எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எந்தக் குளத்தில் யார் இறங்கலாம், யார் எதுவரை உடுத்தலாம் என்பதற்கெல்லாம் கணக்கு. மேலே மலையில் காணிக்காரர்கள் தங்கள் மூட்டுக்காணியின் சொல் கேட்டு, தங்கள் சாமிகளைத் தாங்களே கும்பிட்டு ஒரு தனி உலகமாக வாழ்ந்தார்கள். கீழே வயற்காட்டில் மனிதனை மனிதன் விற்கவும் வாங்கவும் செய்தான். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல். தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்த அரசு ஆணை வந்தது 1859-ல். கோவில் கதவு எல்லோருக்கும் திறந்தது 1936-ல். இவற்றுக்கெல்லாம் நூறு, இருநூறு வருஷம் முன்னால் வாழ்ந்தவர் நீலகண்டன். அதுவும் வேலிக்கு மேல்புறத்தில், நிழலில் வாழ்ந்தவர்.

1729-ல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா, சிதறிக் கிடந்த சிறு நாடுகளைச் சேர்த்துத் திருவிதாங்கூரை ஒரு பெரிய அரசாக உருவாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற பிளெமிஷ் வீரரும் ஒருவர். ராஜா அவரைக் கொல்லவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். பின்னாளில் தளபதி அளவுக்கு உயர்ந்த டிலனாய், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார், அங்கே பீரங்கி வார்க்கவும் ஏற்பாடு செய்தார். 1777-ல் அவர் இறந்தபோது கோட்டைக்கு உள்ளேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீனும் தமிழும் செதுக்கப்பட்டிருக்கின்றன. விடுதி நாட்களில் நாம் பஸ் ஏறிப் போன உதயகிரிதான்! மான் பார்த்தோம், கல்லறையைப் பார்க்காமல் வந்தோம்.

இந்த டிலனாயோடுதான் நீலகண்டனுக்குப் பழக்கம் ஏற்பட்டது. வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம். மாடுகள் செத்தன, விளைச்சல் போனது. மனசு உடைந்திருந்தவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். நல்லவனாக வாழ்ந்தும் எல்லாவற்றையும் இழந்த மனிதனின் கதை அது. அந்தக் கதை நீலகண்டனைப் பிடித்துக்கொண்டது. அவர் ஞானஸ்நானம் கேட்டார். அரண்மனைச் சேவகனுக்கு ராஜ்யத்துக்குள் வைத்து அதைக் கொடுப்பது லேசான காரியமா? ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, திருவிதாங்கூருக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்கு அனுப்பினார் டிலனாய். 1745-ம் வருஷம் மே 14-ம் நாள், ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி என்ற இயேசு சபைக் குரு அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் ஆக்கித் தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். அப்போது வயது 33. பார்கவி அம்மாள் முதலில் தயங்கினார், பிறகு அவரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

சாமியை மாற்றிக்கொண்டதோடு நின்றிருந்தால் ஒருவேளை ஊர் பொறுத்திருக்கும். தேவசகாயம் அதோடு நிற்கவில்லை. எல்லோரும் சமம் என்று ஊர் ஊராகப் பேசினார், தள்ளி நிற்க வேண்டியவர்கள் என்று சொல்லப்பட்டவர்களோடு கலந்து பழகினார். மேல்புறத்தில் இருந்தவன் வேலியைத் தாண்டிக் கீழே இறங்கினால் அந்த வேலிக்கே மதிப்பு போய்விடும் அல்லவா? 1749-ல் கைது செய்யப்பட்டார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் மதத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை, ராஜ துரோகக் குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் என்று வாதிடும் சரித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மதமாற்றத்துக்காகத் திருவிதாங்கூர் மன்னர்கள் யாரையும் கொன்றதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் கட்சி. விசுவாசத்துக்காகத்தான் இறந்தார் என்பதற்குத் திருச்சபை தரப்பிலும் பழைய ஆவணங்களைக் காட்டுகிறார்கள். 1756-ல் கொச்சி ஆயர் ரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையிலேயே அவரைப் பற்றிய செய்தி இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் கொடுக்கப்பட்ட தண்டனையின் தன்மையைப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது.

துரோகியை உடனே கொல்லலாம், சிறையில் அடைக்கலாம். இவரை மூன்று வருஷம் ஊர் பார்க்க வைத்தார்கள். எருமை மேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டுத் தெருத் தெருவாகக் கொண்டுபோனார்கள். அடித்துப் புண்ணாக்கி, அந்தப் புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற செய்தி. உடம்பைவிட மானத்தைக் கொல்வதுதான் நோக்கம். தலைகுனிய மறுக்கிற ஒருவனைப் பார்த்து மற்றவர்கள் பயப்பட வேண்டும், அம்புட்டுதான். ஆனால் நடந்தது வேறு. ஜனங்கள் பயந்து ஓடாமல் அவரைப் பார்க்கக் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் முட்டியால் இடிக்க, பாறையில் தண்ணீர் ஊறியது என்பார்கள். முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் பெயர். பாறை வெடிப்பில் நிலத்தடி நீர் கசிவதற்கு எஞ்சினியர் மூளை ஒரு காரணம் சொல்லும். ஆனால் அங்கே குனிந்து கையில் தண்ணீர் ஏந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் எல்லா மதத்தவரும் நிற்கிறார்கள். வேறு எந்தக் குளத்தில் அன்று அப்படி நின்றிருக்க முடியும் என்று நினைத்தபோது, காரணம் சொல்லும் ஆசை எனக்கு விட்டுப்போயிற்று.

பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டி வைத்திருந்தார்கள். கடைசியில் ராஜ்யத்தின் எல்லையான ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள், நம்ம பாட்டன்மார் ஆராம்புளி என்று சொல்கிற அதே இடம். 1752-ம் வருஷம் ஜனவரி 14-ம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டில் போட்டுவிட்டார்கள். நாற்பது வயது நிறையவில்லை. எஞ்சியவற்றைப் பொறுக்கி எடுத்து வந்தவர்கள், கோட்டாறு சவேரியார் கோவிலில் பலிபீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் வாழ்ந்து மறைந்தார், கல்லறையும் அங்கேதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நிம்மதியாகப் பெருமைப்பட்டுவிட்டு எழுந்து போகலாம். ஆனால் வேலி விடவில்லையே! அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-ல் கட்டி முடிக்கப்பட்ட கோவிலின் அமைப்பைக் கேளுங்கள். பலிபீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு நீண்ட மண்டபங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். இரண்டு பேரும் ஒரே பூசையைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம்! இப்படி ஒரு வரைபடத்தைப் போட்ட கை எவ்வளவு யோசித்திருக்கும் என்று நினைத்தால் நம் தொழில் மேலேயே வெறுப்பு வருகிறது. 1910-ல் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். சுவர் போனது, கோவில் விழவில்லை. அந்தச் சுவர் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் பெயரிலும் ஒரு சுவர் மிச்சமிருந்தது. 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது தேவசகாயம் பிள்ளை என்றே அழைத்தார்கள். சாதியை உதறிய மனிதரின் பெயரில் சாதிப் பட்டம் எதற்கு என்று சிலர் ரோமாபுரிக்கு எழுதினார்கள். அது சரித்திரத்தில் உள்ள பெயர், அதை ஏன் தொட வேண்டும் என்று வேறு சிலர் சொன்னார்கள். 2020-ல் அந்தச் சொல் நீக்கப்பட்டது. 2022 மே 15-ல் வத்திக்கானில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது வெறும் தேவசகாயம்தான். இந்தியாவில் குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், குடும்பஸ்தராக வாழ்ந்து புனிதர் பட்டம் பெற்றவர்களில் முதல்வர். பெயரின் வால் உதிர 270 வருஷம் ஆகியிருக்கிறது.

நண்பர்களே, இனி என் சொந்தக் கதை ஒன்று. என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது, என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஆனால் தாத்தா பெயருக்கும் பெரியப்பா பெயருக்கும் பின்னால் வால் முளைத்திருந்தது. பெரியவங்க மனசு நோகக் கூடாதே என்று நான் சும்மா இருந்துவிட்டேன். மூன்று வருஷம் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவனுக்கு அந்தப் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். செமஸ்டர் பீஸ் கட்ட முடியாமல் நான் நின்றபோது, தன் அம்மாவின் கம்மலை அடகு வைத்துப் பணம் தந்தவன் அவன். பத்திரிகையைப் பிரித்தான், தாத்தா பெயரில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தான், மடித்து வைத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்தான், சாப்பிட்டான், போட்டோவுக்கு நிற்காமல் போய்விட்டான். அதற்குப் பிறகு எங்களுக்குள் தீபாவளி, கிறிஸ்மஸ் வாழ்த்துகள் மட்டும்தான்.

எருமை மேல் உட்கார வேண்டாம், புண்ணில் மிளகாய்ப் பொடி வாங்க வேண்டாம், அச்சகத்துக்குப் போன் செய்து ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் போதும். அதைக்கூட நான் செய்யவில்லை. காற்றாடிமலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இதுதான்.

கோபுரத்தில் ஏறும்போது எங்களுக்கு ஒரு விதி உண்டு. யாரும் தனியாக ஏறக் கூடாது. கூட வருகிறவன் என் கொக்கியைச் சரிபார்க்க வேண்டும், அவனுடையதை நான் பார்க்க வேண்டும். அந்த உயரத்தில் யாருக்க மவன் என்று ஒருத்தனும் கேட்பதில்லை. கீழே இறங்கியதும் டீக்கடை பெஞ்சில் பழைய கேள்விகள் தொடங்கிவிடுகின்றன.

லே மக்கா, இந்த மலர் உன் கைக்கும் வரும் என்று தெரியும். சங்கக் கூட்டத்துக்குக் கண்டிப்பாக வா. எங்கள் வீட்டில் அடுத்து அச்சாகிற பத்திரிகையில் யார் பெயருக்குப் பின்னாலும் வால் இருக்காது, அதை வீட்டில் சொல்லிவிட்டேன். அன்று நிற்காமல் போன அந்தப் போட்டோவுக்கு இந்தத் தடவையாவது என் பக்கத்தில் நில்லு.

மற்ற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், காற்றாடிமலைக்கு நான் கூட்டிப் போகிறேன். புனிதரைக் கும்பிட விருப்பமுள்ளவர்கள் கும்பிடலாம். மற்றவர்கள் அங்கே அடிக்கிற காற்றை வாங்கிக்கொண்டு, ஒரு மனிதர் வேலியைத் தாண்டியதற்குக் கொடுத்த விலையைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்க்கலாம்.