சோழவரத்தில் சீறிய மில் வாரிசு!
ரேஸ் கார் கட்டிய கரிவரதன் கதை

மணலி புதுநகரில் ஸ்பானர் பிடிக்கும் பையன்களுக்கு கரிவரதன் பெயர் தெரியாமல் போகலாமா? 1954-ல் பிறந்தவர். கோவை லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை.

புதுநகருக்கு மேற்கே சோழவரம். உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் அந்நாளில் கார் ரேஸ். கரிவரதன் அங்கே ஓட்டியவர், வண்டியும் கட்டியவர்.

ரேஸ் அப்போது பணக்காரர் சமாச்சாரம். இவரிடமும் காசுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சல்லிசாக ஒரு ரேஸ் கார் கட்டினார். அதுதான் 1988-ல் வந்த ஃபார்முலா மாருதி. நம் தெருவில் ஓடிய மாருதி 800 காரின் மூணு சிலிண்டர் எஞ்சின்தான். அதை டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்தார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின். அப்புறம் கைத்திறமைதான் ஜெயிக்கும்!

புது ரேஸ் வண்டியைச் சும்மா இறக்கிவிட முடியாது. பிரேக் ஆயில், டயர் காற்று, பெல்ட், வீல் நட்டு எல்லாம் பார்த்தாகணும். தெருவில் நட்டு கழன்றால் வண்டி நிற்கும். டிராக்கில் கழன்றால் ஆளே காலி!

பின்னாளில் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் முதல் ரேஸ், ஃபார்முலா மாருதிதான். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் ஆகாய விபத்தில் பலியானார். வயது 41. கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.