சேதுபதி பள்ளித் தமிழ் ஐயாவும் நம்ம படக்கதைகளும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று குழு நண்பர்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது, தமிழ் வகுப்பில் பறிகொடுத்த ஒரு முத்து காமிக்ஸ்தான்!

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வந்த முதல் இதழ், இரும்புக்கை மாயாவி. அதன் அட்டை கிழிந்த பிரதி ஒன்று புதுமண்டபத்துப் புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. (அப்போதெல்லாம் மண்டபத்துக்குள்ளேயே கடைகள் உண்டு.) 1976-இல், பி.எஸ்ஸி. முதல் வருஷம். பாரதியார் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. நான் கடைசி பெஞ்சில், மேஜைக்கு அடியில் மாயாவியோடு இருக்கிறேன். தமிழ் ஐயா சத்தமில்லாமல் வந்து பிடுங்கிக்கிட்டார். பாரதி வளர்த்த தமிழைப் பொம்மை பார்த்துப் படிக்கிறாயே என்று அவர் திட்டியதை விட, வகுப்பே சிரித்ததுதான் எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

1994-இல் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்த பாரதியின் கருத்துப்படங்கள் கைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தமிழ்ப் பத்திரிகையில் பொம்மை போட்டு அரசியல் பேசும் வேலையை ஆரம்பித்து வைத்தவரே பாரதிதான்! ஓடிப்போய் ஐயாவிடம் சொல்லணும்போல இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார். அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-இல் பிறந்தவர். ஐந்து வயதில் அம்மா போய்விட்டார். அப்பா சின்னசாமி ஐயர் ஆரம்பித்த பருத்தி ஆலை நொடித்துப்போக, 1898-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். பிறகு காசியில் சில வருஷம், திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனை வேலை. இதெல்லாம் நாம் பாடத்தில் படித்ததுதான்.

பாடத்தில் ஒரே வரியில் தாண்டிப்போனது நம்ம மதுரைக் கதை. அரண்மனையை விட்டு வந்த 21 வயதுக்காரர். வேலை வேண்டும். சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அரசஞ்சண்முகனார் விடுப்பில் போன இடத்துக்குத் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1904 ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரை வேலை பார்த்தார். சம்பளம் 17½ ரூபாய். அச்சில் வந்த அவருடைய முதல் கவிதையான தனிமை இரக்கமும் அதே வருஷம் ஜூலையில் மதுரை விவேகபாநு பத்திரிகையில்தான் வந்தது. வடக்கு வெளி வீதியில் அந்தப் பள்ளி வாசலைத் தாண்டி எத்தனை தரம் சினிமாவுக்கு ஓடியிருக்கிறோம்! நின்று பார்த்திருப்போமா?

அங்கிருந்து சென்னை. சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர் வேலை. உலகத்துத் தந்திச் செய்திகளை எல்லாம் தமிழாக்கித் தள்ளுவதுதான் அன்றாடப் பாடு. 1906 மே மாதம் இந்தியா வாரப் பத்திரிகை தொடங்கியது. அதன் முதல் பக்கத்தில்தான் அந்தப் படங்கள் வந்தன. அவர் தூரிகை பிடித்தவர் இல்லை. வரைந்தவர்கள் வேறு ஆட்கள், யோசனை அவருடையது. படத்துக்குக் கீழே நிதானமாக விளக்கமும் இருக்கும். அன்னிய ஆட்சியும் மாட்டும், நம்மவர்களில் மிதவாதிகளும் மாட்டுவார்கள்.

ஏன் படம்? என் கணக்கு இது. 1901 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் சொச்சம்தான். எழுத்தை மட்டும் நம்பினால் பத்திரிகை அந்த ஐந்து பேரோடு நின்றுபோகும். டீக்கடையில் ஒருத்தர் தினத்தந்தி படிக்க நாலு பேர் கேட்பதை நாம் பார்த்திருக்கிறோம் இல்லையா? அங்கே ஒரு படமும் இருந்தால் கேட்கிறவனுக்கும் கண்ணில் பங்கு உண்டு.

1908-இல் வினை வந்தது. இந்தியாவின் சட்டப்படியான ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகி 5 வருஷத் தண்டனை பெற்றார். எழுதியவர் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதியைக் கொண்டாடுகிற நாம் அந்தச் சீனிவாசனை நினைப்பதே இல்லை. எனக்கு இது ஒரு குறைதான். பத்திரிகை புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை விழுந்து, 1910 மார்ச்சோடு நின்றது. முழுக்கப் படங்களுக்கென்றே சித்திராவளி என்று ஒரு பத்திரிகை நடத்தவும் திட்டம் போட்டிருந்தார். அது வெளிவரவே இல்லை. வந்திருந்தால் நம்ம முத்து காமிக்ஸுக்கு அறுபது வருஷம் மூத்த அண்ணன் ஒருத்தர் இருந்திருப்பார்!

அவரைத் தீர்க்கதரிசி என்று மேடையில் சொல்வார்கள். சுதந்திரம் வருவதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டதாகக் களித்துப் பாடினார், சரிதான். வட நாட்டில் புலவர்கள் பேசுவதைத் தெற்கே உட்கார்ந்து கேட்க ஒரு கருவி வேண்டும் என்றும் பாடினார். சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கியது 1924-இல். ஆனால் மார்க்கோனி 1901-லேயே அட்லாண்டிக்கைத் தாண்டிக் கம்பியில்லாத் தந்தி அனுப்பியிருந்தார். தினம் தந்திச் செய்தி மொழிபெயர்க்கிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்? மாயாவி விஷயமும் அப்படியே. ஸ்பெயின் ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கதை 1962-இல் லண்டன் வேலியண்ட் பத்திரிகையில் ஆரம்பித்தது. இன்றைக்கு மின்சாரச் செயற்கைக் கையைப் பார்த்துவிட்டு, அன்றே சொன்னான் பார் என்கிறோம். தசையின் மின்சாரத்தில் இயங்கும் கையைச் சோவியத்காரர்கள் 1960 வாக்கிலேயே செய்துவிட்டார்கள். ஜோசியம் இல்லை சார், பேப்பர் படிக்கிற புத்தி! இதைச் சொல்வதால் பாரதி எனக்குக் குறைந்து போகவில்லை. செய்தியை எல்லாரும் படித்தோம், ஆசைப்பட்டவர் அவர் ஒருத்தர்தான்.

1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கடலூரில் கைது. விடுதலையாகிக் கடையத்தில் இரண்டு வருஷம். 1920-இல் மறுபடி அதே சுதேசமித்திரன். திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளிய கதை எல்லாருக்கும் தெரியும். அதில் தப்பியவர் 1921 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பில் போனார். வயது 38. அவருடைய எழுத்துக்களை 1949-இல் அரசாங்கம் பொதுச்சொத்தாக்கியது. பாட்டுக்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன, படங்கள் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குள்ளேயே கிடந்தன. அதனால்தான் எங்கள் ஐயாவுக்கும் தெரியாமல் போனது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சந்திப்பு முடிந்து ரயிலுக்கு நேரமிருக்கிறவர்கள் வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு நடை வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பேன். டீ என் செலவு. யாரிடமாவது அட்டை கிழிந்த மாயாவி இருந்தால் கையோடு எடுத்து வாங்க... என்னுடையது கடைசி வரை திரும்பி வரவில்லை.

(பி.எஸ்ஸி. இயற்பியல், 1976–79)